காப்பகத்தில் எதை எடுப்பது: குட்டியா, வளர்ந்த நாயா?

சென்னையில் நாய் தத்தெடுக்க வருபவர்களில் பலர் கேட்பது, “ரெண்டு மாசக் குட்டியா பாருங்க, அப்போதான் நம்மகிட்ட ஒட்டும்.” 1959-இல் தொடங்கிய விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ் முதல் தெருமுனைத் தன்னார்வலர் வரை எல்லோரும் கேட்டுச் சலித்த வரி இது. இரண்டு மூன்று வயது நாய்களை அதிகம் பேர் கேட்பதில்லை. என் ஓட்டு அவற்றுக்குத்தான், குறிப்பாகக் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடுகளில்.

முதலில் உடல்நலம். தெருவிலிருந்து மீட்ட குட்டிக்குத் தாய்ப்பால் எத்தனை நாள் கிடைத்தது என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. பெரிய பயம் பார்வோ என்ற வைரஸ் நோய். வாந்தி, ரத்தக் கழிச்சல் என்று ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பினாயில் போட்டுத் துடைத்தால் போகாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். ஏற்கெனவே பார்வோ வந்துபோன வீடு என்றால், ஊசி முடியாத குட்டியை அங்கே கொண்டுவரவே கூடாது.

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வார வயது வரை போகும். ரேபிஸ் ஊசி மூன்றாம் மாதத்தில். நடுநடுவே குடற்புழு மருந்து. இந்த ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்கக் கூடாது. ஆனால் குட்டி உலகத்தைப் பழகும் காலமும் அதே வாரங்கள்தான், சுமார் மூன்றிலிருந்து 14 வரை. ஆக, தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டே ஆட்டோ சத்தம், ஹெல்மெட் போட்ட ஆள், பட்டாசு, குழந்தைகள் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். இதற்கு வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

வளர்ந்த நாய் இந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தது. பல காப்பகங்களில் கருத்தடையும் முடிந்திருக்கும், காதில் சின்ன வெட்டு அடையாளம் இருக்கும். இங்கே கேட்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல் பற்றி. வெளியே நன்றாகத் தெரிந்தாலும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

அப்புறம் மூத்திரம். குட்டியின் வயதில் ஒரு மாதத்துக்கு ஒரு மணி நேரம் அடக்கும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. இரண்டு மாதக் குட்டி இரண்டு மணி நேரம்தான் அடக்கும், ராத்திரியிலும் எழுந்திருக்க வேண்டும். காலை எட்டு மணிக்குப் பூட்டிவிட்டு மாலை ஏழுக்கு வரும் வீட்டில் இது நடக்காது. வளர்ந்த நாயைக்கூட அத்தனை நேரம் விடக் கூடாது, மதியம் ஒரு ஆள் வந்து வெளியே கூட்டிப்போக வேண்டும். தெருவில் வளர்ந்தவை சில பால்கனியில் போகவே மாட்டா. ஐப்பசி மழையிலும் குடை பிடித்து இறங்கத்தான் வேண்டும்.

கடிப்பதைப் பற்றிச் சுருக்கமாக: குட்டிக்கு மூன்று நான்கு மாதத்திலிருந்து ஏழு மாதம் வரை பால் பல் விழுந்து முளைக்கும் காலம். செருப்பு, சார்ஜர் வயர் எல்லாம் அதன் சொத்து.

ஒட்டுமா என்ற கேள்விக்கு வருவோம். சோறு போட்டு, அடிக்காமல், தினமும் ஒரே நேரத்தில் நடக்கக் கூட்டிப்போகும் ஆளிடம் எந்த வயது நாயும் ஒட்டும். ஆனால் வளர்ந்த நாய் முதலில் சில வாரம் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கலாம், துடைப்பத்தை எடுத்தால் நடுங்கலாம். பதிலுக்கு ஒரு லாபம்: குழந்தைகளோடு எப்படி, பூனையைக் கண்டால் என்ன செய்யும் என்று பராமரிப்பவரிடம் கேட்டே எடுக்கலாம். குட்டி எப்படி வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

குட்டி ஜெயிக்கும் இடங்களும் உண்டு. வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தால், புதிதாக வரும் பெரிய நாயைவிடக் குட்டியை அது சீக்கிரம் சேர்த்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். நாள் முழுக்க வீட்டில் பொறுமையான ஆள் இருந்தாலும் தாராளமாக எடுக்கலாம்.

காசு கொடுத்து லாப்ரடார் வாங்குவது மூன்றாவது வழி. நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கான 2017 மத்திய அரசு விதிகளின்படி விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவும் கூடாது. பதிவுச் சான்றைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறவரிடம் வாங்காதீர்கள். ஊசிக்கும் மூத்திரத்துக்கும் மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

எதை எடுத்தாலும் மாநகராட்சி உரிமம் வேண்டும். வருடாந்திர ரேபிஸ் ஊசியும் உண்டு, பத்துப் பதினைந்து வருடப் பொறுப்பும் உண்டு. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள். முடிவெடுக்க முடியவில்லையா, கொஞ்ச நாள் வைத்துப் பார்க்க நாயைத் தருவார்களா என்று காப்பகத்தில் கேளுங்கள். சிலர் தருவார்கள்.