தனியாகக் கப்பல் பயணம்: ஸ்டூடியோவா, இருவர் அறையா?

கப்பல் கம்பெனிகளின் விளம்பரத்தில் வரும் கட்டணம், ஓர் அறையில் இருவர் தங்கினால் தலைக்கு எவ்வளவு என்ற கணக்கு. அதே அறையைத் தனியாக எடுத்தால் காலியான படுக்கைக்கும் சேர்த்துப் பெரும்பாலும் இரண்டு மடங்கு கேட்பார்கள். ஆனால் மொத்த பில் இரட்டிப்பாகாது. துறைமுக வரியும் டிப்ஸும் ஆள் கணக்கு, ஒருவருக்கு மட்டும்தான்.

உதாரணத்துக்கு, 7 இரவு, தலைக்கு 800 டாலர், வரி 150, டிப்ஸ் 140 என்று வைத்துக்கொள்வோம். இருவர் அறையில் தனியாள்: 1,600 + 290 = 1,890. அதே கப்பலில் ஸ்டூடியோ, அதாவது ஒருவருக்கென்றே கட்டிய சின்ன அறை, 1,200 என்றால் மொத்தம் 1,490. ஸ்டூடியோ 1,600-ஐத் தாண்டினால் அதில் லாபமே இல்லை. அப்படித் தாண்டுவதும் உண்டு, ஏனென்றால் ஸ்டூடியோக்கள் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும்.

2010-இல் வந்த நார்வீஜியன் எபிக் என்ற கப்பலில் 128 ஸ்டூடியோக்கள், ஒவ்வொன்றும் சுமார் 100 சதுர அடி. ஜன்னல் கடலைப் பார்க்காது, நடைபாதையைத்தான் பார்க்கும். பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடமிருக்காது. துணியை அடுக்கிவிட்டுப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட வேண்டியதுதான். ஈடாக, ஸ்டூடியோக்காரர்களுக்கென்றே தனி லவுஞ்ச். பேச்சுத்துணை அங்கே கிடைக்கும்.

பால்கனி வேண்டும், அறையிலேயே அதிக நேரம் இருப்பேன் என்பவருக்கு இருவர் அறைதான் சரி.

விலை தேடும்போது பயணிகள் எண்ணிக்கையை முதலிலேயே 1 என்று மாற்றுங்கள். 2 என்றே விட்டால் ஸ்டூடியோ பட்டியலில் வராமலே போகலாம்.