இத்தாலியனா, லண்டனா? பத்து வயதுக்கு எது பொருந்தும்?

சதுரங்கம் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் சமூக மன்ற வாசலில் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே இங்கே வந்துவிடும்: வெள்ளைக் காய்களுக்கு எந்தத் தொடக்கத்தை, அதாவது முதல் சில நகர்வுகளின் முறையை, கற்றுக்கொடுப்பது? இத்தாலியன், லண்டன் என்ற இரண்டுதான் அடிக்கடி அடிபடும் பெயர்கள். 2024இல் சிங்கப்பூரின் செந்தோசாவில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியில், அப்போதைய உலக வெற்றியாளர் டிங் லிரென் இரண்டையும் ஆடினார். இரண்டாவது ஆட்டத்தில் இத்தாலியன், ஆறாவதில் லண்டன். இரண்டையும் குகேஷ் சமன் செய்தார். அதனால் பெரியவர்களைச் சாட்சிக்கு அழைத்துப் பயனில்லை. பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும்.

லண்டனைக் கற்பது எளிது. ராணியின் முன்னால் நிற்கும் சிப்பாயை டி4 கட்டத்துக்கு (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை) நகர்த்து, மந்திரியை எஃப்4-இல் வை, பிறகு சிப்பாய்களை இ3, சி3 என்று அடுக்கு. கறுப்பு என்ன ஆடினாலும் ஏறக்குறைய இதே அமைப்புதான். தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகள் இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கவலை தந்ததும் அந்த எளிமைதான். ஒரு போட்டியில் எதிராளி சி5 ஆடி, ராணியை பி6-க்குக் கொண்டுவந்தான். பி2 சிப்பாய்க்குக் காவலாக இருந்த மந்திரி எஃப்4-க்குப் போய்விட்டது அல்லவா? ராணியை பி3-இல் வைத்திருந்தால் போதும். அவளோ பாடமான அடுத்த நகர்வை ஆடிவிட்டாள். சிப்பாய் போனது, சற்று நேரத்தில் ஆட்டமும் போனது.

இத்தாலியனில் இரு தரப்பும் ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தித் தொடங்கும். மூன்றாவது நகர்விலேயே மந்திரி சி4-இல் நின்று எஃப்7-ஐக் குறிவைக்கிறது. ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லாத கட்டம் அது. குதிரையை ஜி5-க்குப் பாய்ச்சி, தக்க தருணத்தில் எஃப்7-இல் பலிகொடுத்தால், கறுப்பு ராஜா இ6 வரை நடுவெளிக்கு வர நேரிடும். இதைப் பலகையில் ஒருமுறை கண்ட பிள்ளைக்குக் கோட்டை கட்டுவதன், அதாவது ராஜாவை ஓரமாகப் பத்திரப்படுத்துவதன், அவசியத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. நிதானமாக ஆட விரும்பினால் சி3, டி3 என்ற பொறுமையான வழியும் இருக்கிறது.

சுமை அதிகம் என்பதை மறைக்க மாட்டேன். கறுப்பு அப்படித் தொடங்காமல் சிசிலியனோ, பிரெஞ்சோ, காரோ-கானோ என்று வேறு தற்காப்புத் தொடக்கம் ஒன்றை ஆடினால் இத்தாலியனுக்கே இடமில்லை. ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பழக வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் லண்டனே போதும் என்பேன்.

நாங்கள் இத்தாலியனுக்கு மாறிவிட்டோம். போன மாதம் முதல் நகர்விலேயே எதிரில் சிசிலியன் வந்தது. பழகாத ஆட்டம். ஐந்து நிமிடம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை அவள் அப்படி யோசித்து நான் பார்த்ததில்லை.