ரப்பர் தோட்டத்துக்கு ஏடிவியா, பழைய ஜீப்பா?

கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. "அத்தான், ஜீப்பை விற்றுவிட்டு ஒரு ஏடிவி வாங்குவோம். பட்டாளமே அதைத்தான் ஓட்டுகிறது" என்று மைத்துனன் ஒரு மாதமாக நச்சரிக்கிறான். இந்த அலசல் அவனுக்காகத்தான்.

பைக்கில் போலக் காலைப் பரப்பி உட்கார்ந்து கைப்பிடியால் திருப்புகிற நான்கு சக்கர வண்டி ஏடிவி. எடை 300 கிலோவை ஒட்டி இருக்கும். கார் டயருக்கு 30 பிஎஸ்ஐ காற்று என்றால், இதன் அகலமான டயருக்கு 5, 6 போதும். அதனால் மணலில் புதையாது. அங்கே ஜீப் இதன் கிட்டேகூட நிற்க முடியாது. சங்குத்துறைக் கடற்கரையில் ஒருமுறை ஜீப்பை மணலில் இறக்கி, காற்றைப் பிடுங்கி, தென்னை மட்டை போட்டு, கடைசியில் கரைமடி வலை இழுக்க வந்தவர்கள் தள்ளித்தான் கரையேறினோம். (ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில் எந்த வண்டியையும் அங்கே இறக்காமல் இருப்பது நல்லது.)

ஆனால் எங்கள் ரப்பர் நிற்பது சரிவில். ஏடிவியில் ஓட்டுபவன் உடம்பைச் சாய்த்துச் சாய்த்து நிலைபிடிக்க வேண்டும். பெரும்பாலானவை ஒரே ஆளுக்கானவை. பின் தட்டு 80 கிலோ போலத் தாங்கும். எடைகூடப் பெரிதில்லை, ரப்பர் பால் தளும்புவதுதான் வினை. சரிவில் குறுக்காகப் போகும்போது கேனில் உள்ள பால் தாழ்ந்த பக்கம் ஓடும், வண்டியும் கூடவே போகும். ஹோண்டா 1970-இல் கொண்டுவந்த மூன்று சக்கர வகை இப்படிக் கவிழ்ந்து கவிழ்ந்தே, 1988-இல் அமெரிக்காவில் அதன் விற்பனை நின்றது. நான்கு சக்கரம் எவ்வளவோ மேல். என்றாலும் வண்டி குறுகல், உட்காரும் இடம் உயரம், அது மாறவில்லை.

ஜீப் டீசல் குடிக்கும், முதுகைக் குலுக்கும், மழைக்கு ஒழுகும். ஆனால் பால் கேன், ஒட்டுப்பால் (உறைந்துபோன ரப்பர்) மூட்டை, வெட்டுக்காரர்கள் நான்கு பேர் எல்லாம் ஒரே நடையில் ஏறிவிடும். பழுதானால் குலசேகரத்தில் கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்வார்கள். ஏடிவியின் பெல்ட் அறுந்தால் நான் யாரிடம் போவேன்? போதாததற்கு, சாலையில் ஓட்டப் பதிவு கிடைப்பதிலும் சிக்கல். டிராக்டர் வகையில் பதிவாகும்படி போலாரிஸ் நிறுவனம் கொண்டுவந்தது போன்ற வண்டி கிடைக்காவிட்டால், தோட்டம்வரை மினி லாரியில் ஏற்றித்தான் போக வேண்டும்.

பட்டாளத்தின் கணக்கு வேறு. கட்ச் ராணிலும் லடாக்கிலும் ஏடிவி ஓடுவது உண்மைதான். எடை குறைவு என்பதால் ஹெலிகாப்டரில் தூக்கலாம். லாரி போகாத இடத்துக்குக் குண்டும் தண்ணீரும் கொண்டுபோகலாம். கவிழ்ந்தால் நிமிர்த்தப் பக்கத்தில் பத்து வீரர்கள் இருப்பார்கள். விடிகாலைத் தோட்டத்தில் நான் ஒருவன்.

மணவாளக்குறிச்சிப் பக்கம் சமதளத் தென்னந்தோப்பு இருந்தால் ஏடிவிக்கே கை தூக்குவேன். கீரிப்பாறைக்கு ஜீப்தான்.

இதைப் படித்துக் காட்டியதும் மைத்துனன் வாதாடவில்லை. நிலத்திலும் நீரிலும் போகும் ஆட்டர் என்1200 வண்டியை 2025 பஞ்சாப் வெள்ளத்தில் இராணுவம் இறக்கியதே, அந்த வீடியோவை என் முகத்துக்கு நேரே நீட்டினான். மிதப்பதற்குக் குளச்சலில் வள்ளம் இருக்கிறது என்றேன்.