போஸ்டர் கலரா, கிரேயானும் மாவுமா? கடற்கரை வீட்டில் பிள்ளை கைக்கெட்டும் தட்டில் எதை வைப்பது

மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளை யாரையும் கேட்காமல் எடுத்து, ஆசை தீரக் கிறுக்கவும் பிசையவும் ஒட்டவும் வேண்டுமென்றால் சாமான்கள் அதன் கைக்கெட்டும் அலமாரித் தட்டில் இருக்க வேண்டும். பூட்டி வைத்து எப்போதாவது கொடுத்தால், மறுபடி எப்போது கிடைக்குமோ என்று எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிப் பார்க்கும். போஸ்டர் கலர், வாட்டர் கலர், ஸ்கெட்ச் பேனா என்று ஈரச் சாமான்கள் ஒரு பக்கம். கிரேயான், சாக்பீஸ், சிலேட்டு, பிசைந்து விளையாட வீட்டில் கிண்டிய மாவு, பனை ஓலை இன்னொரு பக்கம். எங்கள் வீட்டுத் தட்டில் இருப்பது இரண்டாவது கூட்டம். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

நிறத்தில் போஸ்டர் கலரைக் கிரேயான் மிஞ்சாது. ஸ்கெட்ச் பேனாவின் சின்ன மூடி தொண்டையில் சிக்கக்கூடியது, மூடாமல் விட்டால் மையும் காய்ந்துவிடும். திறந்த தட்டுக்கு அது ஒத்துவராது.

முடிவு செய்வது தண்ணீர். ராமநாதபுரம் கரையில் பாம்பனிலிருந்து தொண்டி வரை பல தெருக்களில் போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நேரம் பார்த்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குடக்கணக்கில் விலைக்கு வாங்க வேண்டும். இரண்டு பிள்ளைகள் அரை மணி நேரம் வண்ணம் பூசினால் பிரஷ் அலசும் டம்ளரை நாலைந்து தடவை மாற்ற வேண்டியிருக்கும். அப்புறம் வண்ணம் குழைத்த தட்டு, முழங்கை வரை கை, தரை, சட்டை. ஒரு குடம் போய்விடும். போர் தண்ணீரில் அலசலாமே என்றால், அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பை நுரைக்க விடாமல் திரித்துவிடும், அழுக்கு துணியிலேயே நிற்கும். பிரஷ் மயிர் காய்ந்ததும் விறைத்துவிடும். அந்தத் தண்ணீரில் குழைத்த வண்ணம் தாளில் காய்ந்தபின் வெள்ளையாகப் பூக்கும். தண்ணீரை நினைத்துப் பெரியவர்கள் "போதும், வை" என்று சொல்ல ஆரம்பித்தால், தட்டு திறந்திருந்தும் பயனில்லை. சாக்பீஸுக்குக் காய்ந்த துணி ஒன்று போதும்.

மாவில்தான் இந்தக் கரைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஒரு கப் மைதாவுக்கு அரைக் கப் உப்பு என்பது வழக்கமான அளவு. கடற்காற்றில் அந்த மாவு வேர்த்துக் கையில் ஒட்டும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே நீரை இழுத்துக் கசியும். உப்பளத்துக் கல்லுப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே இழுக்கத் தொடங்கும். ஆகவே தூள் உப்பு, அதுவும் கால் கப் மட்டும். இந்த உப்போடு ஒரு கப் மைதா, ஒரு கப் நல்ல தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அதே அளவு எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறுங்கள். மாவு சட்டியை விட்டுச் சுருண்டு உருண்டையானதும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். வண்ணத்தைத் தண்ணீரிலேயே கலந்துவிட்டால் திட்டுத்திட்டாக வராது. மஞ்சள் தூள் நல்ல நிறம் தரும், ஆனால் துணியில் கறை பிடிக்கும். உப்பு குறைந்திருப்பதால் சீக்கிரம் கெடும்: காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள், புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். வேர்த்தால் ஒரு ஸ்பூன் காய்ந்த மைதா சேர்த்துப் பிசைந்தால் போதும். உப்பு குறைவு என்று தின்ன விடக்கூடாது. எதையும் வாயில் வைக்கும் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் டப்பாவை உயரத்தில் வையுங்கள்.

கிரேயான் கத்தரி வெயிலில் தகரக் கூரைக்கடியில் குழையும், கீழ்த்தட்டே அதற்கு இடம். சுண்ணாம்புச் சுவரில் கிறுக்கினால் எண்ணெய் தொட்டுத் துடைக்காதீர்கள், எண்ணெய் ஊறித் தனிக் கறையாகிவிடும். அப்படியே சுண்ணாம்பு அடித்தாலும் மெழுகின் மேல் பிடிக்காது. முதலில் சுரண்டி எடுக்க வேண்டும்.

ஓலைக்குச் சாயல்குடிப் பக்கம் பஞ்சமில்லை. குருத்தோலையாக வாங்கி, ஈர்க்கைப் பெரியவர்களே உரித்துவிட வேண்டும், கண்ணில் குத்தும். இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துத் தந்தால் காற்றாடியும் கிலுகிலுப்பையும் செய்யலாம். காய்ந்து ஒடிந்தால் அரை மணி நேரம் ஊற வைக்கலாம், இதற்குப் போர் தண்ணீரே போதும். கரையில் பொறுக்கிய வெறும் சிப்பியையும் ஓலையோடு ஒட்டலாம். பவளத் துண்டு மட்டும் செத்துக் கிடந்தாலும் வேண்டாம், வனவிலங்குச் சட்டப்படி எடுப்பது குற்றம். ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சினால் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடும் பழைய வழக்கம் பிள்ளைகளுக்கு ஆகாது. அது நஞ்சு.

போஸ்டர் கலரை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. குழாயில் நல்ல தண்ணீர் வரும் நாளில் எடுங்கள். பாட்டிலை நீட்டாமல், பழைய மூடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, நிறத்துக்கு ஒரு பிரஷ் என்று கொடுத்தால் நடுவில் அலசும் வேலையே இல்லை. பாட்டிலுக்குள் அழுக்குப் பிரஷ் போகாததால் புழுக்கத்தில் பூசணமும் எளிதில் பிடிக்காது. தினமும் நல்ல தண்ணீர் வரும் வீட்டுக்கு இந்தக் கணக்கு மாறலாம். ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைக்குக் கிரேயான் சலித்துப்போய் வண்ணத்தையே கேட்கவும் கூடும்.