பெட்டியில் வந்த குழாய்

ஊருக்குக் கிளம்பும்போது அவரவர் பெட்டியில் என்னென்னவோ இருக்கும். இந்த முறை என் பெட்டியில், இரண்டு துண்டுகளுக்கு நடுவே பச்சைக் குழந்தையைப் போலச் சுற்றி வைத்த ஒரு வாஷ்பேசின் குழாய் இருந்தது.

அம்மா மூன்று மாதமாக ஃபோனில் அதே புலம்பல். "மாடி பாத்ரூம் குழாய் சொட்டிக்கிட்டே இருக்குடா, எவ்வளவு இறுக்கினாலும் நிக்க மாட்டேங்குது." பழைய திருகு குழாய். உள்ளே ஒரு ரப்பர் வாஷர், அது போய் உட்கார ஒரு பித்தளை விளிம்பு, அவ்வளவுதான் அதன் சூட்சுமம். வாஷர் தேயத் தேய இன்னும் பலமாகத் திருகுவோம், திருகத் திருக அது இன்னும் வேகமாகக் கிழியும், கடைசியில் அந்த விளிம்பிலேயே பள்ளம் விழுந்துவிடும். அதற்குப் பிறகு புது வாஷர் போட்டாலும் சொட்டுதான். நொடிக்கு ஒரு சொட்டு, சொட்டுக்குக் கால் மில்லி என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 21 லிட்டருக்கு மேல் சேரும். அம்மா அடியில் ஒரு வாளியை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் இருக்கும் அமெரிக்காவில், 2014 ஜனவரியிலிருந்து, குடிக்கக்கூடிய தண்ணீர் தொடும் குழாய்ப் பாகங்களில் ஈயம் சராசரியாக 0.25 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம். அதைப் படித்துவிட்டு, அம்மாவுக்கு இதைவிட நல்ல குழாய் கிடைக்காது என்று முடிவுகட்டினேன். பார்க்கவும் அழகு. தலையில் ஒற்றைக் கைப்பிடி, வளைந்த கழுத்து, விரல் ரேகை படியாத பூச்சு. பேசினின் அளவைக் கேட்டு வாங்க வேண்டும் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

மரை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உஷாராக இருந்தேன். அங்கே குழாயின் கனெக்ஷன் பைப் முடிவது 3/8 அங்குல கம்ப்ரெஷன் மரையில். நம் சுவரில் இருக்கும் ஆங்கிள் வால்வு அரை அங்குல பிஎஸ்பி, அதாவது பிரிட்டிஷ் அளவு மரை. அதற்கு ஒரு அடாப்டர் தேடிப் பிடித்து வாங்கி வந்திருந்தேன். அதுதான் என் கெட்டிக்காரத்தனத்தின் எல்லை என்பது பிறகு தெரிந்தது.

முதலில் வந்த ஆள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஃபாரின் ஐட்டமா சார், ஜம்முனு மாட்டிடலாம்" என்றார். பேசினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய குழாயின் நட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. அதில் ரெஞ்சைப் போட்டு ஒரு உலுக்கு உலுக்கியதில் பேசினே சுவரை விட்டு அரை விரல்கடை நகர்ந்தது. நாளைக்கு வருகிறேன் என்று போனவர் போனவர்தான்.

இரண்டாவதாக வந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். பையைக் கீழே வைத்ததும் முதல் வேலையாகப் பேசினை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டது குழாயைப் பற்றி அல்ல. "டேங்க் எங்க இருக்கு தம்பி?"

மொட்டை மாடியில், நேர் மேலே என்றேன். ஒரு தடவை மேலே பார்த்தார், குழாயைக் கையில் வாங்கி வாயைப் பார்த்தார், கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்தார். "மாட்டிப் பாத்துடுவோம்" என்றார். மாட்டாதீர்கள் என்று சொன்னால் இவன் கேட்க மாட்டான் என்று புரிந்துகொண்ட குரல் அது.

அடாப்டர் பிடித்தது. கசிவில்லை. எனக்குப் பெருமை. மாடி பேசினுக்கு வெந்நீர் லைனே கிடையாது என்பதால் குழாயின் அடியில் வெந்நீருக்கும் பச்சைத் தண்ணீருக்குமாக இருந்த இரண்டு வாலில் ஒன்றுக்கு மூடி போட்டு அடைத்தார். அப்படியே விட்டால் கைப்பிடியை நடுவில் வைக்கும்போது பச்சைத் தண்ணீர் அந்த வால் வழியாக வெளியே ஊற்றிவிடும். அதாவது நான் கடல் தாண்டித் தூக்கி வந்ததில் பாதிக் குழாய் அந்த நிமிஷத்திலேயே வீண்.

பிறகு வால்வைத் திறந்தார். அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடா இது, நூல் மாதிரி வருது?"

ஒரு லிட்டர் பாட்டிலை வைத்து ஃபோனில் நேரம் பார்த்தேன். 38 நொடி. காரணம் அந்தக் குழாயின் குறை அல்ல. அது சோதிக்கப்பட்டது 60 பிஎஸ்ஐ அழுத்தத்தில், 'பார்' என்ற இன்னொரு அழுத்த அளவில் கிட்டத்தட்ட 4. அந்த அழுத்தத்தில் நிமிஷத்துக்கு 5.7 லிட்டர் விடும்படி வாயில் ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். மேல்தொட்டித் தண்ணீருக்கு உயரம்தான் அழுத்தம்: 10 மீட்டருக்கு ஏறக்குறைய 1 பார். எங்கள் தொட்டியின் அடிக்கும் மாடிக் குழாய்க்கும் நடுவே இருப்பது மூன்றரை மீட்டர், அதாவது 0.35 பார். பன்னிரண்டில் ஒரு பங்கு அழுத்தத்தில் தண்ணீர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வரும். தரைத்தளத்தில் மாட்டியிருந்தால் கொஞ்சம் தேவலாம் போல இருந்திருக்கும். டேங்க் எங்கே என்று அவர் முதலில் கேட்டதற்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

வாயிலிருக்கும் சல்லடை மாதிரியான ஜாலியைக் கழற்றிவிடலாமே என்றேன். கழற்றினார். தண்ணீர் கூடியது, ஆனால் நுரைத்து மெத்தென்று விழ வேண்டியது கம்பியாக விழுந்து சட்டையில் தெறித்தது. அதோடு கைப்பிடி. தலையில் இருக்கும் ஒற்றைக் கைப்பிடி முழுதாகத் திறக்கும்போது பின்னால் சாய வேண்டும். எங்கள் பேசினுக்குப் பின்னால் கண்ணாடியின் கீழ்ப் பலகை நீட்டிக்கொண்டிருக்கிறது. 'டக்' என்று அதில் போய் இடித்தது. முக்கால் பாகத்துக்கு மேல் திறக்கவே வழியில்லை.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தாள், சோப்புக் கையில் வழுக்கியது. இன்னொரு முறை முயன்றாள். விரல் முட்டிகள் வீங்கியிருக்கும் கை அது. உருண்டையாக, வழவழப்பாக, பிடி கிடைக்காத அந்தக் கைப்பிடியை நான் அழகு என்று நினைத்துத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

"கழட்டிடுங்க அண்ணே" என்றேன்.

அன்று சாயங்காலமே, கடைக்குப் போகுமுன், அவர் என்னையே அளக்க வைத்தார். ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதினேன். பேசினில் குழாய்க்கு ஒரே ஓட்டை, 35 மில்லிமீட்டர். (அமெரிக்காவில் நான்கு அங்குல இடைவெளியில் மூன்று ஓட்டை உள்ள பேசின்கள் நிறைய உண்டு. அந்த வகைக் குழாயைக் கொண்டு வந்திருந்தால் மாட்டிப் பார்க்கும் கூத்துகூட நடந்திருக்காது.) ஓட்டையின் நடுவிலிருந்து தண்ணீர் இறங்கும் வேஸ்ட் கப்ளிங்கின் நடு வரை 13 சென்டிமீட்டர். ஓட்டையிலிருந்து பின்பலகை வரை 5.

இந்த 13 தான் முக்கியம் என்றார். மூக்கு குட்டையாக இருந்தால் தண்ணீர் பேசினின் பின்சுவரில் விழும், கை கழுவுகிறவர் விரலைக் குழாயோடு ஒட்டி வளைக்க வேண்டும். ரொம்ப நீளமாக இருந்தால் முன்சரிவில் விழுந்து வயிற்றில் தெறிக்கும். கப்ளிங்குக்குச் சற்று முன்போ பின்போ விழுந்தால் போதும், சரியாக அதன் வாயிலேயே விழ வேண்டும் என்று அவசியமில்லை. உயரத்துக்கும் அதே கணக்கு. ஆழமில்லாத பேசினுக்கு உயரமான குழாய் வைத்தால் தரை எப்போதும் ஈரம். பலகை மேல் கிண்ணம் மாதிரி உட்கார்ந்திருக்கும் பேசினுக்குத்தான் அந்த நெட்டைக் குழாய்கள்.

கடையில் அவர் வேறு ஆளாக மாறிவிட்டார். எனக்குப் பளபளப்பு தெரிந்தது, அவர் ஒவ்வொரு குழாயையும் தலைகீழாகப் பிடித்து அடியைப் பார்த்தார். பூச்சு ஏறாத அடிமரையில் மஞ்சள் தெரிந்தால் பித்தளை. சாம்பல் நிறம் என்றால் துத்தநாகக் கலவை. பித்தளையைவிட எடை குறைவு, உப்புத் தண்ணீரில் பூச்சு உப்பி உதிர ஆரம்பித்தால் உள்ளே சீக்கிரம் அரித்துவிடும். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியாதா என்று கேட்டேன். பித்தளையிலும் ஒட்டாது, துத்தநாகத்திலும் ஒட்டாது, அதை வைத்து என்ன கண்டுபிடிப்பீர்கள் என்று சிரித்தார்.

கறுப்பு மேட் குழாய் ஒன்றில் என் கண் போனது. "உப்புத் தண்ணி வீட்டுக்கு இது வேணாம் தம்பி. காஞ்ச ஒவ்வொரு சொட்டும் வெள்ளையா தெரியும். அம்மாதான் தேய்க்கணும்." சாதாரண குரோமுக்கு வந்தோம். அதையும் ஆசிட் ஊற்றித் துலக்கினால் பூச்சு போய்விடும், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

உள்ளே இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜா என்று மட்டும் நான் கேட்டேன், ஏதாவது கேட்க வேண்டுமே என்று. ஆமாம். ஓட்டை போட்ட இரண்டு பீங்கான் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் திறக்கும், மூடும். கால் சுற்றுதான். ரப்பர் மாதிரி இறுக்கி மூட வேண்டியதே இல்லை. ஆனால் மணல் துகள் புகுந்தால் வில்லையில் கீறல் விழும், அப்புறம் சொட்டும். அதனால் அவர் கடைக்காரரிடம் கேட்ட ஒரே கேள்வி, "இதோட கார்ட்ரிட்ஜ் தனியா வச்சிருக்கீங்களா?" இல்லை என்று பதில் வந்த இரண்டு மாடல்களைக் கையாலேயே ஒதுக்கினார். என் அமெரிக்கக் குழாய்க்கு ஆயுள் முழுக்க உத்தரவாதம் உண்டு. அதன் கார்ட்ரிட்ஜ் பழுதானால் அம்மா எந்தக் கதவைத் தட்டுவாள்?

கடைசியில் வாங்கியது ஒரு சாதாரண பில்லர் காக். பச்சைத் தண்ணீர் மட்டும். பித்தளை, குரோம் பூச்சு, பக்கவாட்டில் திரும்பும் நீளக் கைப்பிடி, அகலமான வாய். மூக்கு 12 சென்டிமீட்டர். ஈயக் கணக்கை மட்டும் என் மனசு விடவில்லை. அந்தக் குழாயில் குடிக்கத் தண்ணீர் பிடிப்பதில்லை என்று அம்மா சொன்னதும்தான் அடங்கியது.

மாட்டிய விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு கொடுத்தது அதற்குத்தான் என்று நான் நினைக்கிறேன். அமெரிக்கக் குழாயைப் போடுமுன்பே பேசினைச் சுவரோடு திரும்பச் சேர்த்து இறுக்கியிருந்தார். பழைய நட்டைக் கழற்ற அதில் எண்ணெய் விட்டுவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். ரெஞ்சு போட்ட ஆளையும் இவரையும் பிரித்தது இந்த அரை மணிதான். பிறகு இந்தப் புதுக் குழாயை மாட்டுமுன் ஆங்கிள் வால்வைத் திறந்து வாளியில் விட்டார். முதலில் வந்தது பழுப்புத் தண்ணீர், அடியில் மணலும் சுண்ணாம்புச் செதில்களும், யாரோ எந்தக் காலத்திலோ சுற்றிய டெஃப்லான் டேப்பின் ஒரு துண்டும். தெளிந்த தண்ணீர் வரும்வரை விட்டார். அத்தனையும் புது வில்லைகளுக்குள் போயிருக்க வேண்டியவை. கனெக்ஷன் பைப்பின் நட்டைக் கையால் திருகி, அதன்மேல் ஸ்பானரால் கால் சுற்று, அதோடு நிறுத்தினார். அதற்குள்ளேயே ரப்பர் வாஷர் இருக்கிறது, அங்கே டேப் தேவையில்லை. குழாயின் உடம்பைப் பிடிக்க வேண்டிய இடத்தில் பழைய துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டார்.

குறை என்று சொன்னால் நேரம். காலை பத்து மணி என்றவர் ஒன்றரைக்கு வந்தார். ஃபோன் எடுக்கவில்லை. வந்ததும் மன்னிப்பும் கேட்கவில்லை. அங்கே நேரத்துக்கு வருகிறவர்களுக்குப் பழகிப்போன எனக்கு முதலில் எரிச்சல்தான். ஆனால் அங்கே ஒருவரும் என் அம்மாவைக் கூப்பிட்டு, "நீங்களே திறந்து மூடிப் பாருங்கம்மா, அப்புறம்தான் நான் போவேன்" என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

அம்மா திறந்தாள். சோப்புப் போட்ட கையின் பின்புறத்தால் கைப்பிடியைத் தள்ளி மூடினாள். மறுபடி திறந்தாள். ஒரு லிட்டர் பாட்டில் 11 நொடியில் நிரம்பியது.

மறுநாள் காலை பல் தேய்க்கப் போனால் பேசினுக்கு அடியில் அந்த வாளி அப்படியே இருந்தது, உலர்ந்து போய். எடுத்து ஓரமாக வைத்தேன். மத்தியானம் பார்த்தால் பழைய இடத்திலேயே இருக்கிறது.

"இருக்கட்டும்டா" என்றாள் அம்மா. "ரெண்டு நாள் பாப்போம்."