பூனை, நாய் மூத்திர நாத்தத்துக்கு நொதியத் திரவம்: யாழ்ப்பாணத்து வீட்டில் எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது

வாங்கின வீட்டில் பூனையும் இல்லை, நாயும் இல்லை. அவற்றைக் கூட்டிக்கொண்டு முன்னைய சொந்தக்காரர் போய்ப் பல மாதமாகிவிட்டது. ஆனாலும் மழை இருட்டினவுடன் பின் அறையிலிருந்து மூத்திர நாத்தம் எழும்புகிறது. இதற்கென்று விற்கப்படும் நொதியத் திரவங்களை, அதாவது மூத்திரத்தை உடைக்கும் நொதியம் (என்சைம்) கலந்த திரவங்களைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. நேச்சர்ஸ் மிரக்கிள், சிம்பிள் சொல்யூஷன் போன்ற வெளிநாட்டுப் போத்தல்கள் இந்த வகை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி எடுப்பித்தாலும் சரி, இணையத்தில் வாங்கினாலும் சரி, காசு போடுமுன் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

தீர்ப்பை முதலே சொல்லிவிடலாம். பொலிஷ் பூசாத வெறும் சீமெந்து நிலத்திலும் ரைல்ஸ் இடுக்கிலும் இந்தத் திரவம் உண்மையாகவே வேலை செய்கிறது. மெழுகுப் பொலிஷ் ஏறிய சிவப்புச் சீமெந்தில், மெழுகைக் கழற்றாமல் ஊற்றினால் வீண். சுண்ணாம்புச் சுவரில் அரைகுறை. மரத்தில் அனேகமாகத் தோல்வி. லேபலில் எழுதியிருக்கும் பத்து, பதினைந்து நிமிடம் என்பது புதிதாக விழுந்த மூத்திரத்துக்கு. வருடக்கணக்காக ஊறியதற்கு அது காணாது.

போத்தலைத் தெரிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது, உள்ளே நொதியம் மட்டுமா, நொதியத்தைச் சுரக்கும் உயிருள்ள பற்றீரியாவும் உண்டா என்பது. பழைய நாத்தத்துக்குப் பற்றீரியா உள்ளதுதான் நல்லது. வெறும் நொதியம் தன் பங்கைச் செய்து ஓய்ந்துவிடும். பற்றீரியா ஈரம் இருக்கும் வரை பெருகிக்கொண்டே தின்னும். நாத்தத்தை நீக்கும் என்று மட்டும் எழுதி, நொதியம், பற்றீரியா என்ற பேச்சே இல்லாத போத்தல்கள் பெரும்பாலும் வாசனைத் தண்ணீர். காலாவதித் திகதியைப் பாருங்கள். கடை வாசலில் வெயில் படும் தட்டில் நின்ற போத்தலை வாங்க வேண்டாம்.

லேபல்கள் யூரிக் அமிலத்தைத்தான் பெரிய எதிரியாகக் காட்டுகின்றன. அது பாதி உண்மை. யூரிக் அமிலம் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும், ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 60 மில்லிகிராம்தான். ஆனால் பூனையும் பெரும்பாலான நாய்களும் தம் உடலில் உண்டாகும் யூரிக் அமிலத்தின் பெரும் பகுதியை அலன்ரோயின் என்ற வேறொரு சேர்மமாக மாற்றியே வெளியேற்றுகின்றன (டால்மேஷன் நாய் இதற்கு விலக்கு). நாத்தத்தின் பெரும் பங்கு வேறு இரண்டிடத்திலிருந்து வருகிறது. யூரியாவைப் பற்றீரியா உடைக்கும்போது அமோனியா வருகிறது. பூனை மூத்திரத்தில் உள்ள ஃபெலினைன் என்ற அமினோ அமிலம் உடையும்போது கந்தகம் கலந்த சேர்மம் வருகிறது. நலம் எடுக்காத கடுவன் பூனையில் இந்த ஃபெலினைன் மிக அதிகம். மூக்கைக் குத்தும் அந்தப் 'பூனை நாத்தம்' இதுதான். போதாக்குறைக்கு, சீமெந்துக்குள் காய்ந்து நிற்கும் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுக்கும். மாரியில் நாத்தம் திரும்புவது அதனால்தான். சித்திரை வெயிலில் வீடு பார்த்து, நாத்தம் இல்லையென்று வாங்கியவர் கார்த்திகையில் திகைக்கிறார்.

நாத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று பிடிக்காமல் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம். இரவில் விளக்கை அணைத்து, 365 நனோமீற்றர் அல்லது 395 நனோமீற்றர் புறஊதா ரோச் பிடித்துப் பார்த்தால் காய்ந்த மூத்திரம் மங்கலான மஞ்சள் பச்சையாக ஒளிரும். சலவைத்தூள் பட்ட இடம் நீலவெள்ளையாக ஒளிரும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒளிர்ந்த இடத்துக்கு இளஞ்சூட்டுத் தண்ணீரைத் தெளித்துக் குனிந்து மணந்து பாருங்கள். மூத்திரமென்றால் சில நிமிடத்தில் குப்பென்று கிளம்பும். இன்னும் சந்தேகமென்றால், ஈரப்படுத்திய இடத்தில் ஒரு அடிச் சதுர அலுமினியத் தாளை நான்கு பக்கமும் ரேப் ஒட்டி மூடி, அடுத்த நாள் ஒரு மூலையைக் கிளப்பி மூக்கை வைத்துப் பாருங்கள். இது சுவர் ஓதத்தின் பூஞ்சண மணத்தையும் மூத்திரத்தையும் பிரித்தறிய உதவும்.

நாய் காலைத் தூக்கும் இடம் கதவு நிலை, தூண், விறாந்தை மூலை. பூனை பீச்சும் இடம் சுவரில், நிலத்திலிருந்து ஓரடி உயரமளவில். அங்கிருந்து வழிந்து சுவரும் நிலமும் சந்திக்கும் வெடிப்புக்குள் இறங்கியிருக்கும். நிலத்தை மட்டும் கழுவிவிட்டுச் சரிவரவில்லை என்பவர்கள் அந்தச் சுவர்க் கோட்டைத்தான் தவறவிடுகிறார்கள். நாத்தம் மேலிருந்து இறங்குவதாகத் தெரிந்தால் சீலிங்குக்குள் ஏறிப் பாருங்கள்: பழக்கொட்டைகள் நிறைந்த எச்சமும் ரம்பை இலை போன்ற மணமும் இருந்தால் அது மரநாய். எந்தத் திரவமும் உதவாது, ஓட்டு இடைவெளியை அடைக்க வேண்டும்.

இனிச் சீமெந்து நிலம். ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் உறிஞ்சினால் திரவமும் இறங்கும். முத்தாக நின்றால் மேலே பொலிஷோ வார்னிஷோ இருக்கிறது. உறிஞ்சும் நிலத்தில் முதல் வேலை, பழைய உப்பை எடுப்பது. இளஞ்சூட்டுத் தண்ணீரைத் தேங்க விட்டு, கால்மணி நேரம் கழித்துப் பழைய துவாயை விரித்து மிதித்து உறிஞ்சி எடுங்கள். இரண்டு மூன்று தரம் செய்தால் துவாயில் மஞ்சள் ஏறுவது கண்ணால் தெரியும். இங்கே சவர்க்காரம் போட வேண்டாம். எங்கள் சுண்ணக்கல் கிணறுகளின் வன்னீரில் அது நுரைக்காமல் படையாகப் படிந்து சீமெந்தின் துளைகளை அடைத்துவிடும். குளோரின் போட்ட கிணறென்றால், தண்ணீரை வாளியில் ஒரு நாள் வெயிலில் திறந்து வைத்த பின் எடுங்கள். குளோரின் பற்றீரியாவைக் கொன்றுவிடும். முன்பு பினாயிலோ குளொரொக்ஸ் போன்ற வெளுக்கும் திரவமோ ஊற்றிய நிலமென்றால் அதையும் நன்றாக அலசி நீக்கியிருக்க வேண்டும்.

அதன்பின் திரவம். ஓரடி அகலக் கறைக்கு 300 மில்லிலீற்றராவது வேண்டும், கறையின் விளிம்பைத் தாண்டி அரையடி தூரம் வரை நனைய வேண்டும். விசிறும் தலையைக் கழற்றிவிட்டு ஊற்றுங்கள். விசிறினால் மேற்பரப்பு மட்டுமே நனையும். மூத்திரமோ மேற்பரப்புக்குக் கீழே கிடக்கிறது. ஊற்றியவுடன் பொலித்தீனால் மூடி, ஓரங்களில் ஈரத்துணியைச் சுருட்டி வையுங்கள். எங்கள் வெக்கையில், அதுவும் ஃபான் ஓடும் அறையில், திரவம் விரைவில் காய்ந்துவிடும், காய்ந்தால் வேலை நின்றுவிடும். 24 மணி நேரம் கழித்து இன்னொரு 100 மில்லிலீற்றர் விட்டு மறுபடி மூடி, 48 மணி நேரம் நிறைந்தபின் திறந்து மூன்று நாள் காய விடுங்கள். பெரும்பாலும் இன்னொரு முறை செய்ய வேண்டி வரும்.

முதல் ஓரிரண்டு நாள் நாத்தம் கூடும். யூரியா உடைந்து அமோனியா வெளியேறுவதால் அப்படி. இது திரவம் தோற்றுவிட்ட அடையாளமல்ல, ஆனால் பலர் இந்த இடத்தில்தான் பொறுமையிழந்து பினாயிலை ஊற்றி, உள்ளே வேலை செய்துகொண்டிருந்த பற்றீரியாவைக் கொன்றுவிடுகிறார்கள். யன்னலைத் திறந்து வைத்துப் பொறுத்திருங்கள்.

கணக்குப் பார்த்தால், இரண்டு முறைக்கு 800 மில்லிலீற்றர். அதாவது 946 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று ஒரேயொரு இடத்துக்குத்தான். இந்தத் திரவங்களைப் பற்றிய குறைகளில் பெரும்பங்கு, ஒரு போத்தலை ஒரு வீடு முழுக்க விசிறியதால் வருவது. மூன்று நான்கு இடம் இருந்தால் ஒரு கலன், அதாவது 3.78 லீற்றர் பேணியாக வாங்குங்கள். இல்லையென்றால் மிக மோசமான ஒரு இடத்தை மட்டும் முழுமையாகச் செய்யுங்கள்.

பழைய கல்வீடுகளின் சிவப்புச் சீமெந்து நிலத்தில் வருடக்கணக்கான மெழுகுப் பொலிஷ் படைபடையாக ஏறியிருக்கும். மூத்திரம் அந்தப் படைகளுக்கு இடையிலும் வெடிப்புகளிலும் சிக்கி நிற்கும். சூடான தண்ணீரில் டீப்போல் கழுவுதிரவம் கலந்து, தும்புத்தடியால் தேய்த்து, குழம்பாகக் கிளம்பும் மெழுகை உடனே துணியால் எடுத்துவிட வேண்டும். ஆறவிட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். நிலம் ஆறியபின்தான் நொதியம் ஊற்ற வேண்டும், ஏனென்றால் 60 பாகை செல்சியசை அண்டிய சூடு பெரும்பாலான நொதியங்களைக் கெடுத்துவிடும். நீராவி இயந்திரமும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

சுண்ணாம்புச் சுவரில் நிலைமை வேறு. நாத்தத்தை மறைக்க ஒரு பூச்சு வெள்ளையடித்துவிடலாம் என்பது வழக்கமான யோசனை. அடித்த அன்று அறைக்குள் நிற்க முடியாது. சுவரில் நிற்கும் அமோனியம் உப்போடு நீறிய சுண்ணாம்பு சேர்ந்தால் அமோனியா வாயுவாகக் கிளம்பும்; புதுச் சீமெந்துப் பூச்சும் இதையே செய்யும். அந்த வாயு போய்விட்டால் ஓரளவு நன்மைதான், ஆனால் கந்தக நாத்தம் அங்கேயே நிற்கும். வெள்ளையடிக்க முன், கறைபட்ட பூச்சைச் சுற்றிலும் அரையடி கூட்டிக் கொத்தி எடுத்துவிட்டு மேசனைக் கொண்டு புதிதாகப் பூசுவிப்பதே நிரந்தரம். ஓரடிப் பூச்சுக்காகத் திரவப் போத்தலை வீணாக்க வேண்டாம்.

மரத்திலும் திரவம் தோற்கிறது, ஏனென்றால் நிலையின் அடிமுனை மூத்திரத்தை நார்வழியே மேலே இழுத்திருக்கும். அந்த ஆழத்துக்குத் திரவம் எட்டாது. இங்கே கைகொடுப்பது பொலிஷ் அடிக்கும் ஓடாவிமாரிடம் இருக்கும் அவலரக்கு (ஷெல்லாக்). அடியிலிருந்து ஓரடி உயரத்துக்கு 80, பிறகு 120 இலக்கச் சாண்ட்பேப்பரால் பழைய பூச்சைக் கழற்றி, மரத்தை நன்றாகக் காயவிடுங்கள். ஒரு லீற்றர் மெதிலேற்றட் ஸ்பிரிற்றில் 200 கிராம் அவலரக்கை இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடித்து, மணிக்கொரு பூச்சாக மூன்று பூச்சு அடியுங்கள். அடிமுனை வெடிப்புக்குள் தூரிகை நுனியைத் திணித்து நிரப்ப வேண்டும். அரக்கு நாத்தத்தைக் கொல்வதில்லை, உள்ளே பூட்டி வைக்கிறது. ஆனால் பூட்டு நல்ல பூட்டு. பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது. சலவைச் சோடாத் தண்ணீரால் அதைப் பிறகு கழுவவும் கூடாது, காரம் அரக்கைக் கரைத்துவிடும்.

நொதியம் இரண்டு முறை செய்து நிலம் முழுதாகக் காய்ந்தபின்னும் கந்தக நாத்தம் மிஞ்சினால் ஐதரசன் பெரொக்சைட். ஆஸ்பத்திரி வீதிப் பாமசிகளில் கேளுங்கள். 3 சதவீதம் வேண்டும். 6 சதவீதம் தந்தால் சம அளவு தண்ணீர் சேருங்கள். 250 மில்லிலீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி. கலந்தவுடன் ஊற்றி, ஒரு மணி நேரத்தில் துடைத்தெடுங்கள். மிஞ்சியதைப் போத்தலில் மூடி வைக்கவே கூடாது, வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கும். சிவப்புச் சீமெந்தின் நிறம் இரும்பு ஒட்சைட்டால் வந்தது, அது வெளுக்காது. மரமும் துணியும் வெளுக்கும். நொதியத்தோடு ஒரே நேரத்தில் ஊற்றினால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

குளொரொக்ஸ் மட்டும் இந்த வேலைக்குள் வரவே கூடாது. மூத்திர அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் வரும்; ஹாபிக், வினாகிரி, தேசிக்காய்ச் சாறு போன்ற அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வரும். பூட்டிக்கிடந்த அறைக்குள் இரண்டுமே நுரையீரலைத் தாக்கும் வாயு. அமிலங்கள் தனியாகவும் சீமெந்தையும் சுண்ணாம்பையும் தின்னும். பழத்தோலையும் சர்க்கரையையும் புளிக்கவைத்து வீட்டில் செய்யும் 'நொதியம்' என்பதும் பெரும்பாலும் புளித்த அமிலம்தான்; போத்தலில் வருவதற்கு அது மாற்றீடல்ல. பினாயில் மணத்தை மூடும், அவ்வளவுதான். வீட்டுக்குப் பூனை கொண்டுவர எண்ணமிருந்தால் அதுவும் வேண்டாம், பீனோல் வகைச் சேர்மங்களைப் பூனையின் ஈரலால் சரியாகக் கழிக்க முடியாது. சிரட்டைக்கரி மூடிய அலுமாரிக்குள் உதவும், அறைக்கு உதவாது. முன்னையவர் விட்டுச்சென்ற தும்பு மெத்தையும் பஞ்சுக் குஷனும் நனைந்திருந்தால் திரவம் ஊற்றிப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

கழுவும் தண்ணீரைக் கிணற்றடிக்கு விடாதீர்கள். சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது வெகுவிரைவில் கீழே போய்விடும். வாழையடிக்கோ தென்னையடிக்கோ கொண்டுபோய் ஊற்றுங்கள், குளொரொக்ஸ் கலக்காதவரை அவற்றுக்குக் கேடில்லை.

காலமும் முக்கியம். சோளகம் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை வேலையை முடித்தால் அறை நன்றாகக் காயும். மாரியில் தொடங்கினால் நிலம் காயவே வாரக்கணக்கில் எடுக்கும், பலித்ததா என்று சொல்லவும் முடியாது. பெயின்ற், பொலிஷ் எதையும் அவசரப்பட்டுப் பூசாமல், ஐப்பசியின் முதல் மழை இரண்டு நாள் பெய்யட்டும். யன்னலெல்லாம் பூட்டி ஒரு இரவு விட்டு, காலையில் கதவைத் திறந்தவுடன் மணந்து பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் பெயின்ற்காரரைக் கூப்பிடலாம்.