சவர வெட்டுக்குப் படிகாரம்: பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

இதய ரத்தக்குழாயில் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைத்துக்கொண்டு, ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சாப்பிடுகிறவர்களுக்குச் சவரம் என்பது கொஞ்சம் தொல்லை பிடித்த வேலை. மற்றவர்களுக்குத் தண்ணீர் விட்டுக் கழுவினாலே நின்றுவிடும் கீறல், எங்களுக்குச் சட்டைக் காலர்வரை வந்துவிடும். ஒன்றோடொன்று ஒட்டிக் காயத்தை அடைக்கிற ரத்த அணுதான் தட்டணு, அதன் ஆயுள் 7 முதல் 10 நாள். ஆஸ்பிரின் பட்ட தட்டணு அந்த ஆயுள் முழுக்கப் பழையபடி ஒட்டாது. அதனால் சவரத்துக்காக முந்தின நாள் மாத்திரையை விடுவதில் ஒரு பயனும் இல்லை. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது ஆபத்தும்கூட. மாத்திரையும் இருக்கும், கீறலும் இருக்கும் என்று ஆனபின் எனக்குக் கைகொடுத்து வருவது படிகாரக் கட்டிதான்.

நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும், திருஷ்டிக்காகக் கறுப்புக் கயிற்றில் கட்டி வாசலில் தொங்கவிடுகிறார்களே, அதே சரக்கு. ஆனால் அந்தக் கரடுமுரடான கட்டியின் முனை முகத்தில் புதிதாக ஒரு கீறல் போட்டுவிடும். சவரத்துக்கென்றே வழவழப்பாகத் தேய்த்து விற்கும் கட்டி கொஞ்சம் விலை கூடுதல், பரவாயில்லை, அதையே வாங்கலாம். இது பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட். பட்ட இடத்தில் புரதத்தை உறையவைத்து, திசுவைச் சுருக்கி, கசிகிற நுண்குழாய்களின் வாயை அடைக்கிறது. தட்டணுக்களை நம்பி இந்த வேலை நடப்பதில்லை என்பதால்தான் மாத்திரை சாப்பிடும் எங்களுக்கும் பலிக்கிறது.

ஆனால் ஒன்று, படிகாரம் கசிவை நிறுத்தும், ஓட்டத்தை நிறுத்தாது. ரத்தம் வந்துகொண்டிருக்கும்போதே கட்டியை வைத்துத் தேய்த்தால், கரைந்த படிகாரத்தை ரத்தமே அடித்துக்கொண்டு போய்விடும். முதலில் சுத்தமான துணியால் அழுத்தவேண்டும். நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. ஆவல் தாங்காது, ஆனாலும் பார்க்கக்கூடாது. ஓட்டம் அடங்கி வெறும் பொட்டாகக் கசியும்போது, நனைத்த கட்டியைத் தேய்க்காமல் அப்படியே வைத்துப் பிடித்தால் சுருக்கென்று எரியும். அப்புறம் நின்றுவிடும். தாடைக்கும் கழுத்துக்கும் இது கச்சிதம். உதட்டு ஓரமும் மச்சம் வெட்டுப்பட்ட இடமும் மட்டும் லேசில் கேட்காது. அங்கே பாதிப் பெருமை அழுத்தத்துக்குத்தான் சேரவேண்டும்.

டிஞ்சர் பென்சாயின் என்ற மருந்துத் திரவத்தையும் வைத்துப் பார்த்திருக்கிறேன். அது காயத்தின் மேல் பிசினாகப் படிந்து மூடும், நன்றாகவே பிடிக்கும். ஆனால் அந்தப் பழுப்புக் கறையோடு அலுவலகம் போனால் வழியெல்லாம் விளக்கம் சொல்லவேண்டும். சவர வெட்டில் ரத்தத்தை நிறுத்தவென்றே விற்கும், பெட்டிக்குள் அடங்கும் ஸ்டிப்டிக் பென்சில் என்ற குச்சியிலும் இருப்பது பெரும்பாலும் இதே இனத்து உப்புதான். பயணத்துக்கு வசதி, மற்றபடி பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

குறை என்று பார்த்தால், முகம் வறண்டுபோகும். சில நிமிடம் விட்டுக் கழுவிவிட்டுக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறேன். சோப்புப் பெட்டியில் ஈரத்தோடு போட்டால் கட்டி கரைந்து வீணாகும். துடைத்து உலரவைத்தால் ஒரே கட்டி வருடக்கணக்கில் வரும்.

ஆழமான வெட்டுக்கும் பீறிட்டு வரும் ரத்தத்துக்கும் இதை நினைக்கவே வேண்டாம். 10, 15 நிமிடம் விடாமல் அழுத்தியும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடவேண்டும். மூக்கில் ரத்தம் வந்தாலும் படிகாரம் கூடாது. தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பிடித்து அழுத்துவதுதான் முறை.

சலூனில் எல்லோர் முகத்திலும் ஒரே கட்டியைத் தேய்ப்பதைப் பார்த்தால் மட்டும் எனக்கு ஆகாது. ரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே 7 நாள்வரைகூட உயிர்ப்போடு இருக்கும். அந்தக் கட்டியோ வெட்டுப்பட்ட இடத்திலேயே நேராகப் படுகிற பொருள். பிளேடைப் புதிதாக மாற்றச் சொல்லிக் கேட்டு வாங்குகிற நாம் கட்டியைக் கவனிப்பதில்லை. நான் சலூனுக்குப் போகும்போது ஒரு சின்னத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். கடைக்காரர் முதலில் ஒரு மாதிரி பார்த்தார், இப்போது அவரே கேட்டு வாங்கி வைக்கிறார்.